ஒரே வகுப்பு, பல கைகள்: படக்கதைப் பாடத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது?

ஏழாம் வகுப்பில் படக்கதைப் பாடத்தைத் தொடங்கிய முதல் வாரத்தில் என் மேசைக்கு வந்த இரண்டு தாள்களை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒன்றில் நான்கு கட்டங்களிலும் ஒரே குதிரை. ஐயனார் கோயில் மண்குதிரையை நேரில் பார்த்து வரைந்ததைப் போலக் கழுத்துமணி, சேணம், பிடரி எல்லாம் நேர்த்தியாக நிழலிடப்பட்டிருந்தன. ஆனால் முதல் கட்டத்துக்கும் நான்காம் கட்டத்துக்கும் இடையே எதுவுமே நடக்கவில்லை. மற்றொன்றில் குச்சி மனிதர்கள். தலைக்கு ஒரு வட்டம், உடம்புக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். முதல் கட்டத்தில் ஒருவன் பேருந்துக்காகக் காத்திருக்கிறான், இரண்டாவதில் பேருந்து வருகிறது, மூன்றாவதில் வெறும் புழுதி, நான்காவதில் அவன் அதே இடத்தில் ஒற்றைச் செருப்போடு நிற்கிறான். மூன்றாம் கட்டத்தில் மனிதனையே வரையாமல் புழுதியோடு நிறுத்திக்கொண்ட அந்தப் பெண், அதுவரை "எனக்கு டிராயிங் வராது சார்" என்று சொல்லிக் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்திருந்தவள்.

பல நிலைகளில் இருக்கும் மாணவர்களுக்கு ஒரே பாடத்தை ஒரே மாதிரி நடத்த முடியாது என்பதை ஓவிய ஆசிரியர்கள் அநேகமாக எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். எதை மாற்றுவது, யாருக்காக மாற்றுவது என்பதில்தான் தடுமாற்றம் வருகிறது. எல்லாருக்கும் ஒரே பணியைக் கொடுத்துவிட்டு அவரவரால் முடிந்ததை ஏற்றுக்கொள்வது, திறனுக்கேற்ப மூன்று வகைத் தாள்களைத் தயாரித்துக் கொடுப்பது, குழுவாக உட்காரவைத்து வேலையைப் பங்கிடுவது, பணியை ஒன்றாகவே வைத்துக்கொண்டு வேண்டிய உதவியை வேண்டியவர் எடுத்துக்கொள்ளச் செய்வது என நான்கு வழிகள் நம் முன்னே இருக்கின்றன. நான்கையும் வெவ்வேறு ஆண்டுகளில் செய்து பார்த்தவன் என்ற முறையில், எதை எப்போது தேர்ந்தெடுக்கலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

எந்த வழியையும் எடைபோடும் முன், நம் கையில் உள்ள நேரத்தை நினைவில் வைக்க வேண்டும். அரசுப் பள்ளியில் ஓவியத்துக்கு வாரத்தில் ஒன்றோ இரண்டோ பாடவேளைகள் கிடைத்தாலே பெரிது. 2012-இல் நியமிக்கப்பட்ட பகுதிநேரச் சிறப்பாசிரியர்கள், வாரத்துக்கு மூன்று அரைநாள்கள் பள்ளிக்கு வரும் ஏற்பாட்டில் பணியில் சேர்ந்தவர்கள். நாற்பது நிமிடப் பாடவேளையில் வரிசையாக வந்து உட்காரவும், தாள் கொடுக்கவும், கடைசியில் திரும்ப வாங்கவும் பத்து நிமிடம் போய்விடும். மீதமுள்ள முப்பது நிமிடத்தில் முப்பத்தெட்டுப் பேரைப் பார்க்க வேண்டுமானால் ஒருவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. தனித்தனியே கவனித்து உதவுங்கள் என்று சொல்வது எளிது. அந்த உதவி ஆசிரியரின் வாயிலிருந்து மட்டுமே வர வேண்டும் என்றால் நடைமுறையில் அது ஏழெட்டுப் பேருக்கு மேல் போய்ச் சேராது.

இன்னொன்றையும் முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. படக்கதையில் "திறன்" என்று நாம் எதைச் சொல்கிறோம்? உருவம் வரைவது அதில் ஒரு பகுதி மட்டுமே. ஒரு நிகழ்ச்சியை எந்த நொடியில் வெட்டிக் கட்டமாக்குவது, எதைக் காட்டாமல் விடுவது, முகத்தை எப்போது பெரிதாக்குவது, பேச்சை எவ்வளவு சுருக்குவது, எழுத்தைப் படிக்கும்படி எழுதுவது ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனித் திறமை. இவை ஒரே பிள்ளையிடம் ஒரே அளவில் இருப்பதில்லை. நவீனப் படக்கதையின் முன்னோடியாகக் கருதப்படும் ரொடால்ஃப் டோப்ஃபர் (1799–1846) ஜெனீவாவில் பள்ளி நடத்திய ஆசிரியர். தந்தையைப் போல ஓவியராக வேண்டும் என்று விரும்பியவருக்குக் கண்பார்வைக் குறைபாடு அந்த வழியை அடைத்துவிட, ஆசிரியரானார். தம் மாணவர்களை மகிழ்விக்கக் கோட்டுப் படங்களால் கதைகளை வரைந்தார். முறையாக வரையக் கற்காதவர்கூட மூக்கையும் வாயையும் புருவத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்த்தே முகபாவங்களைக் கற்றுக்கொள்ள முடியும் என்று 1845-இல் எழுதினார். படக்கதை பிறந்த இடமே ஒரு வகுப்பறைக்குப் பக்கத்தில்தான், அதுவும் ஓவியராக முடியாமல்போன ஓர் ஆசிரியரின் கையில்தான் என்பது எனக்கு எப்போதும் பெரிய ஆறுதலாக இருக்கிறது.

முதல் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "நான்கு கட்டத்தில் ஒரு கதை வரைந்து வாருங்கள்" என்று சொல்லிவிட்டு, வந்ததை வைத்து மதிப்பிடுவதற்குத் தயாரிப்பே தேவையில்லை. எந்தப் பிள்ளையும் தனியாகச் சுட்டிக்காட்டப்படுவதில்லை. ஆனால் வெற்றுத்தாளைப் பார்த்துப் பயப்படும் பிள்ளைக்கு அது எந்த வகையிலும் கை கொடுப்பதில்லை. அந்தப் பிள்ளை முப்பது நிமிடமும் அளவுகோலால் கட்டத்தின் ஓரத்தைப் போட்டு அழித்துக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள முதல் வாரத்தில் ஒருமுறை இதைச் செய்யலாம். அதற்கு மேல் இதை ஒரு கற்பிக்கும் முறையாக நான் கருதவில்லை.

இரண்டாவது வழிக்கு நம் மாநிலத்தில் நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். அதைப் பார்த்து நானும் மூன்று வகைத் தாள்களைத் தயாரித்தேன். முதல் தாளில் படங்கள் முழுவதும் அச்சிட்டிருக்கும். மாணவர் பேச்சுக் குமிழை மட்டும் நிரப்ப வேண்டும். இரண்டாம் தாளில் பின்னணி மட்டும் இருக்கும். ஆள்களை அவர்கள் வரைய வேண்டும். மூன்றாவது, கட்டங்கள் மட்டுமே உள்ள வெற்றுத்தாள். அந்த ஆண்டு தாளை முடிக்காமல் கொடுத்தவர்கள் மிகக் குறைவு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வழக்கமாக எதையும் முடிக்காத பிள்ளைகள் முடித்த தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றதும், அந்த முகங்களில் இருந்த மலர்ச்சியும் உண்மை.

ஆனாலும் அந்த முறையை இரண்டாம் ஆண்டு நான் தொடரவில்லை. எந்த அளவுகோலால் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தேன் என்று யோசித்தபோதுதான் தவறு புலப்பட்டது. வரையும் கையை வைத்தே பிரித்திருந்தேன். அந்தக் கணக்குப்படி ஐயனார் குதிரையை வரைந்த பையனுக்கு வெற்றுத்தாளும், பேருந்துக் கதையை வரைந்த பெண்ணுக்குப் படம் அச்சிட்ட தாளும் போயிருக்கும். அவளுடைய கையில் குமிழை நிரப்பும் தாளைக் கொடுத்திருந்தால் அந்தப் புழுதிக் கட்டம் பிறந்தே இருக்காது. அவனுக்கோ எது தேவையோ அது கிடைத்திருக்காது. இன்னும் நான்கு குதிரைகளை வரைந்திருப்பான். வாசிப்பில் எழுத்து, சொல், தொடர் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் வரிசை ஓரளவுக்கு இருப்பதால் அங்கே நிலை பிரிப்பது பொருந்துகிறது. படக்கதையில் அப்படி ஒரே ஏணி இல்லை. ஒரு பிள்ளை ஒன்றில் மலராகவும் இன்னொன்றில் அரும்பாகவும் இருக்கும்.

தாளைக் கையில் வாங்கிய பிள்ளைக்கு அது எப்படிப் படும் என்பதும் முக்கியம். எத்தனை நயமாகப் பெயர் வைத்தாலும் பக்கத்துப் பெஞ்சில் இருப்பது வேறு தாள் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது. படம் அச்சிட்ட தாளை வாங்கிய ஒரு பையன் அதை நான்காக மடித்து, மேலே தன் டிராயிங் நோட்டை விரித்து, அதன் அடியில் வைத்துக் குனிந்தபடியே எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எழுதி முடித்ததும் எல்லாரும் வெளியே போகும்வரை காத்திருந்து கடைசியாகக் கொண்டுவந்து கொடுத்தான். அவன் எழுதிய வசனங்கள் நன்றாகவே இருந்தன. அதை அவன் மறைத்துக்கொண்டு எழுத வேண்டியிருந்ததற்கு நான் செய்த பிரிவினைதான் காரணம்.

மூன்றாவது வழி, படக்கதை உலகமே நடைமுறையில் பின்பற்றும் வழி. அமெரிக்க மாத இதழ்களில் கதை எழுதுபவர், பென்சிலால் வரைபவர், மையிடுபவர், எழுத்து எழுதுபவர், வண்ணமிடுபவர் எனத் தனித்தனி ஆள்கள் ஒரே பக்கத்தில் வேலை செய்வது நெடுங்காலப் பழக்கம். வகுப்பில் நான்கு பேரைச் சேர்த்து உட்காரவைத்து இதைச் செய்யும்போது பிள்ளைகள் பேசிக்கொள்ளும் பேச்சே பெரிய பாடமாக இருக்கிறது. "இங்க ஏன் அவன் சிரிக்கிறான், கோவமாத்தானே இருக்கணும்?" என்று ஒரு பிள்ளை கேட்க, வரைந்தவன் புருவத்தை அழித்துத் திருத்துகிறான். நான் சொல்லித் திருத்தியிருந்தால் அது திருத்தமாகவே நின்றிருக்கும். நண்பன் கேட்டதால் அது கதையின் தேவையாகிறது.

ஆனால் வேலையைப் பிள்ளைகளே பங்கிட்டுக்கொள்ள விட்டால் வலுத்தவன் பென்சிலைப் பிடித்துக்கொள்கிறான். வரைய வராது என்று பெயர் வாங்கிய பிள்ளை கட்டத்துக்குக் கோடு போடுவதையே நான்கு வாரமும் செய்துகொண்டிருக்கும். பக்கம் அழகாக முடிந்திருக்கும், அந்தப் பிள்ளையோ தொடங்கிய இடத்திலேயே இருக்கும். இதற்குத் தீர்வு, ஒவ்வொரு கட்டத்துக்கும் வேலையைச் சுற்றில் மாற்றுவது. முதல் கட்டத்தை வரைந்தவர் இரண்டாம் கட்டத்துக்கு வசனம் எழுதுவார், மூன்றாவதற்கு மையிடுவார். நான்கு கட்டங்களில் நால்வரின் கையும் தெரியும். நாயகனின் தலை ஒன்றில் பெரிதாகவும் ஒன்றில் சிறிதாகவும் இருக்கும். அதனால்தான் தொடங்கும் முன்பே பாத்திரத்துக்கு ஓர் அடையாளத்தை (சிவப்புத் துண்டு, வட்டக் கண்ணாடி, ஒற்றைச் சடை) நால்வரும் பேசி முடிவு செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். இன்னொரு சிக்கலுக்கு என்னிடம் முழுத் தீர்வு இல்லை: திருவிழாக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் குழுவில் ஒருவர் வராமல் போனால் பக்கம் பாதியில் நின்றுவிடுகிறது. ஆகவே ஆண்டு முழுவதற்கும் இதை நம்பியிருக்க முடியாது. பருவத்துக்கு ஒருமுறை செய்வதே பொருத்தம்.

நான்காவது வழியைத்தான் நான் இப்போது அடிப்படையாக வைத்திருக்கிறேன். எல்லாருக்கும் பணி ஒன்றே: நான்கு கட்டம், ஒரு நிகழ்ச்சி. சன்னலோரப் பெஞ்சில் ஐந்து செருப்புப் பெட்டிகள் இருக்கும். அதை உதவி மேசை என்கிறோம். யாரும் எழுந்து போய் எந்தப் பெட்டியிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம், என்னைக் கேட்க வேண்டியதில்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில் பிள்ளைகள் தங்கள் அட்டையைத் தாங்களே எடுத்துத் தங்கள் வேகத்தில் வேலை செய்தார்கள் அல்லவா, அந்தப் பழக்கத்தின் நல்ல பகுதி இது. அதில் இருந்த ஏணிப்படி வரிசையை மட்டும் விட்டுவிட்டேன்.

முதல் பெட்டியில் முகங்கள். தொல்காப்பியம் சொல்லும் எண்வகை மெய்ப்பாடுகளான நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை ஆகிய எட்டையும் வட்டத்துக்குள் புள்ளியும் கோடுமாக வரைந்த அட்டைகள் அதில் இருக்கும். நகைக்கும் உவகைக்கும் முகத்தில் என்ன வேறுபாடு என்று பிள்ளைகள் ஒரு வாரம் வாதிட்டார்கள்; கடைசியில் உவகைக்குக் கண்ணை மூடிவிடலாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். இரண்டாவதில் உடல் அசைவுகள், குச்சி உருவமாக: ஓடுவது, குனிவது, விழுவது, தூக்குவது. மூன்றாவதில் ஒலிச்சொற்கள். இந்த இடத்தில் நம் மொழி கொடுக்கும் வசதி பெரிது; சலசல, மடமட, தடதட, சடசட, கிசுகிசு என்று இரட்டைக்கிளவியை எடுத்து, மழைக்குச் சாய்ந்த எழுத்தில், ஓட்டத்துக்குத் தாவும் எழுத்தில் எழுதிப் பார்ப்பதில், வரையத் தயங்கும் பிள்ளைகள்தான் முதலில் கை வைக்கிறார்கள். நான்காவதில் கதை முடிச்சுகள், ஒரு வரியில் ஒன்றாக: "காத்திருந்தது வந்தது, ஆனால் எடுத்துக்கொள்ள முடியவில்லை" என்பதைப் போல.

ஐந்தாவது பெட்டி பேச்சுக் குமிழுக்கானது. ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் முதலில் அழகான குமிழை வரைந்துவிட்டுப் பிறகு எழுத்தை உள்ளே திணிக்கிறார்கள். "வந்துகொண்டிருக்கிறேன்" என்பது பதினோரு எழுத்து. அது குமிழின் வலப்புற ஓரத்தில் மோதி, கீழே வளைந்து, கடைசி "ன்" கட்டத்துக்கு வெளியே போய் நிற்கும். எனவே அந்தப் பெட்டியில் இருக்கும் அட்டை மூன்று படிகளைக் காட்டுகிறது: இரண்டு மெல்லிய கோடு போடு, எழுத்தை எழுது, எழுதிய பிறகு சுற்றிக் குமிழை வரை. கூடவே "வந்துட்டேன்" என்று பேச்சு வழக்கில் சுருக்கலாம் என்ற குறிப்பும் உண்டு. எழுதும் கையின் வேகம் குறைந்த பிள்ளைக்கும் இது பயன்படும், பக்கம் பக்கமாக வசனம் எழுதும் பிள்ளைக்கும் பயன்படும். ஒரே உதவி இரு துருவங்களுக்கும் பொருந்துவது இந்த வழியில்தான் நடக்கிறது.

தொடக்கத்தில் இதுவும் சறுக்கியது. முதல் இரண்டு வாரம் உதவி மேசைக்கு ஒருவரும் போகவில்லை, எழுந்து போனாலே "தெரியாதவன்" என்று ஆகிவிடுமோ என்ற அச்சம். மூன்றாம் வாரம் எல்லாரும் கட்டாயம் ஓர் அட்டையாவது எடுத்து, எதை எடுத்தோம் என்று தாளின் பின்புறம் எழுத வேண்டும் என்று வைத்தேன். குதிரை வரைந்தவனும் கதை முடிச்சுப் பெட்டியைத் தேடிப் போனான். வகுப்பிலேயே நன்றாக வரைகிறவன் எழுந்து போனதைப் பார்த்தபின் மற்றவர்களுக்குக் கால் எழுந்தது.

சீக்கிரம் முடித்துவிடும் பிள்ளைகளுக்கு இன்னொரு பக்கம் வரையச் சொல்வது தண்டனையைப் போன்றது. அவர்களுக்கு ஒரு தடையைக் கொடுப்பதே பயன் தருகிறது: ஒரு சொல்கூட இல்லாமல் அதே கதையைச் சொல், அல்லது உருவத்தை ஒரே அளவில் இரண்டு முறை வரையாதே. ஸ்காட் மெக்லவுட் 1993-இல் வெளியிட்ட படக்கதை பற்றிய நூலில், ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாவும் முறைகளை ஆறாக வகுத்துக் காட்டினார். அவற்றில் நொடிக்கு நொடி நகர்வது, செயலிலிருந்து செயலுக்குப் போவது, இடம்விட்டு இடம் போவது ஆகிய மூன்றை மட்டும் சொல்லி, அதே நான்கு கட்டக் கதையை வேறொரு தாவலில் திரும்ப வரையச் சொல்கிறேன். குதிரைப் பையன் உருவத்தின் அளவை மாற்ற வேண்டும் என்ற தடையோடு வரைந்தபோது, முதல் கட்டத்தில் முழுக் குதிரை, இரண்டாவதில் ஒரு கண், மூன்றாவதில் குளம்படித் தடம், நான்காவதில் தொலைவில் ஒரு புள்ளி என்று வந்தது. அவனுடைய குதிரை ஓடியது அன்றைக்குத்தான்.

சிறப்புத் தேவையுடைய பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் உதவி மேசை மட்டும் போதாது. பென்சிலை அழுத்திப் பிடிக்க முடியாத பிள்ளைக்குத் தடித்த மார்க்கரும் ஏ3 அளவுத் தாளும் முன்கூட்டியே இடத்தில் இருக்க வேண்டும். கட்டைவிரல் மையொற்றி அதற்குக் கைகால் போட்டுப் பாத்திரமாக்குவதும், பழைய நாளிதழ்ப் படங்களை வெட்டி ஒட்டுவதும் அதே நான்கு கட்டப் பணிக்குள் அடங்கும். எழுதுவதில் சிரமப்படும் பிள்ளை சொல்லில்லாக் கதையைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது சொல்ல ஒருவர் எழுதலாம். மாறுவது கருவி; பணி மாறுவதில்லை. அந்தப் பிள்ளையின் தாளும் மற்றவர்களுடைய தாள்களோடு அதே சுவரில், அதே தலைப்பின் கீழ்தான் ஒட்டப்படும்.

செலவைக் கணக்கிட்டாலும் முடிவு மாறவில்லை. மூவகைத் தாள்களை ஒவ்வொரு பாடத்துக்கும் நகலெடுக்க வேண்டும். கதை மாறினால் தாளும் மாற வேண்டும். உதவி அட்டைகளைப் பழைய காலண்டர் அட்டையில் ஒருமுறை செய்துவிட்டால் எந்தக் கதைக்கும் பொருந்தும், மூன்று நான்கு ஆண்டு உழைக்கும். தொடக்கத்தில் அதற்கு இரண்டு விடுமுறை நாள்களைச் செலவிட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். வாரத்துக்கு மூன்று அரைநாள் மட்டும் வரும் ஆசிரியருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

மூவகைத் தாள் முற்றிலும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேச்சுக் குமிழை மட்டும் கற்பிக்கும் ஒரு நாளில் படம் அச்சிட்ட தாளை எல்லாருக்கும் கொடுக்கலாம். வரைவதை மட்டும் கற்பிக்கும் நாளில் வசனம் அச்சிட்ட தாளை எல்லாருக்கும் கொடுக்கலாம். ஒரு திறமையைத் தனியே பிரித்துப் பழக அது நல்ல கருவி. வகுப்பு முழுவதும் அதே தாளை வாங்கும்போது எவரும் அதை மடித்து ஒளிக்க வேண்டியதில்லை.

ஆகவே ஆறு வாரப் பாடமாக இருந்தால் என் பங்கீடு இப்படி அமைகிறது. முதல் வாரம் எந்த உதவியும் இல்லாத ஒரே பணி, பிள்ளைகளைத் தெரிந்துகொள்ள. இரண்டாம் வாரம் குமிழ்த் தாள், எல்லாருக்கும். மூன்றாவதும் நான்காவதும் உதவி மேசையோடு தனிப் பக்கம். ஐந்தாம் வாரம் நால்வர் குழு, கட்டத்துக்குக் கட்டம் வேலை மாற்றத்தோடு. ஆறாம் வாரம் சுவரில் ஒட்டுவது. ஷரத் சர்மா தொடங்கிய வேர்ல்ட் காமிக்ஸ் இந்தியா அமைப்பு எளிய மக்களுக்குக் கற்றுக்கொடுக்கும் சுவரொட்டிப் படக்கதைகளும் நான்கு கட்டம்தான். இரண்டு ஏ4 தாள்களை ஒட்டிக் கறுப்பு மையில் வரைவதால் எந்தக் கடையிலும் நகலெடுத்து எங்கும் ஒட்டலாம். அந்த அளவையே நாங்களும் வைத்துக்கொள்கிறோம்.

மதிப்பெண் போடும்போது நான் பார்ப்பவை நான்கு: சொற்களை மறைத்துவிட்டுப் பார்த்தால் நிகழ்ச்சி புரிகிறதா, ஒரு கட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஏதாவது மாறியிருக்கிறதா, எழுத்து ஓரடித் தொலைவில் படிக்க முடிகிறதா, முதல் வாரத் தாளிலிருந்து இந்தத் தாளில் பிள்ளை புதிதாகச் செய்துபார்த்தது என்ன. நான்குக்கும் சம மதிப்பெண். உருவ நேர்த்திக்குத் தனி மதிப்பெண் இந்தப் பாடத்தில் கிடையாது. அதற்கு ஆண்டின் மற்றப் பாடங்கள் இருக்கின்றன. கடைசிக் கேள்விக்கு விடை காண முதல் வாரத் தாள் கையில் இருக்க வேண்டும் என்பதால், அதைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுக்காமல் பெயரும் தேதியும் எழுதி நானே வாங்கி வைத்துக்கொள்கிறேன்.